அச்சடித்து அடுக்கும் வாழ்த்து அட்டையில் தூரம் வருவது எப்படி?

கேள்வி இதுதான்: "ரப்பர் ஸ்டாம்ப் வைத்து மலை, மரம், ஏரி எல்லாம் அச்சடிக்கிறேன். வெட்டி எடுத்து, ஃபோம் டேப் (இருபுறமும் ஒட்டும் நுரைப் பட்டை) வைத்து நான்கு அடுக்காக ஒட்டுகிறேன். இப்படி நான்கு அட்டை முடித்துவிட்டேன், ஒன்றின் படம் அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் காட்சி தட்டையாகத்தான் இருக்கிறது. இன்னும் தடித்த டேப் வாங்க வேண்டுமா?"

வேண்டாம். இருக்கிற டேப்பே போதும். இரண்டு மில்லிமீட்டர் உயரம் அட்டையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். நேராகப் பார்க்கும் கண்ணுக்கு இந்த மலை கிட்டத்தில் இருக்கிறது, அந்த மலை எங்கோ இருக்கிறது என்று சொல்வது மையின் அடர்த்திதான். நீங்கள் நான்கு அடுக்கையும் ஒரே கருப்பு மையில், ஒரே அழுத்தத்தில் அச்சடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது அதுதான். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

மலைத்தொடரை வெளியே நின்று பார்த்தால் முதல் குன்று கரும்பச்சையாக இருக்கும். அடுத்தது கொஞ்சம் மங்கல். அதற்குப் பின்னால் நீலச் சாம்பல். கடைசி வரிசை மலையா மேகமா என்றே சொல்ல முடியாது. நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. நீல ஒளி அதிகமாகச் சிதறுவதால், தூரம் கூடக் கூட மலையின் மேல் ஒரு நீலத் திரை விழுகிறது. அந்தத் திரையில் முதலில் காணாமல் போவது கருப்பு, அடுத்தது நுணுக்கம். தூரத்து மலையை அதிக நீலமாக வரைய வேண்டும் என்று லியோனார்டோ டா வின்சி 500 வருடத்துக்கு முன்பே தன் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். அட்டை செய்கிறவர்களுக்கு இதன் பொருள் ரொம்ப எளிது. பின்னால் இருப்பது வெளிறி, முன்னால் இருப்பது கருத்து. பின்னால் இருப்பதற்குக் கோடு குறைவு, முன்னால் இருப்பதற்குக் கோடு அதிகம்.

இதைக் கை பழக ஒரு பயிற்சி இருக்கிறது. ஸ்டாம்பையும் ஃபோம் டேப்பையும் ஒதுக்கி வையுங்கள். ஒரு நீல மை பேட், ஒரு ஸ்பாஞ்ச் அல்லது பிளெண்டிங் பிரஷ், வழவழப்பான வெள்ளை அட்டை ஒன்று, சாதாரண எழுதும் தாள் ஒன்று, இவ்வளவு போதும். எழுதும் தாளை நீளவாக்கில் மலைமுகடு போல மேடும் பள்ளமுமாகக் கிழியுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கிழித்த ஓரம்தான் இயல்பாக இருக்கும். கிழித்த ஓரம் கீழே பார்க்கும்படி அட்டையின் மேல் வையுங்கள். தாள் மூடியிருக்கும் பகுதி வானம். இப்போது பிரஷ்ஷில் கொஞ்சமாக மை எடுத்து, முதலில் வேஸ்ட் தாளில் இரண்டு சுற்றுத் தேய்த்துவிட்டு, கிழித்த ஓரத்தின் மேலிருந்து தொடங்கி அட்டைக்குள் இறங்குவது போலச் சிறு சிறு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். ஓரத்தை ஒட்டி மை அடர்த்தியாகவும், கீழே வர வர இல்லாமலே போவதாகவும் இருக்க வேண்டும்.

தாளைத் தூக்கிப் பாருங்கள். மேலே ஒரு தெளிவான முகட்டுக்கோடு, கீழே பனிமூட்டத்தில் கரைந்துபோகிற மலையடிவாரம். இப்போது அதே தாளை ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இறக்கி, கொஞ்சம் பக்கவாட்டிலும் நகர்த்துங்கள். நகர்த்தாவிட்டால் உச்சிக்கு நேராக உச்சி வந்து படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். மறுபடி தேய்க்கும்போது இந்த முறை மை கொஞ்சம் கூடுதல். இப்படி நான்கைந்து முறை. கடைசி மலைக்கு வரும்போது பேடிலிருந்து நேராக எடுத்து நன்றாக அழுத்தித் தேய்க்கலாம். ஒரே நிறம், ஒரு துண்டுக் காகிதம், முழுத் தட்டையான அட்டை. ஆனால் அதில் ஐந்து மலை வரிசை ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். முதல்முறை இதைச் செய்து தாளைத் தூக்கிய அந்த நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அட்டையை ஒட்டாமல் மேஜையிலேயே ஒரு வாரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த மூட்டம்தான். ஒவ்வொரு மலையின் அடியும் வெளிறிப் போவதால்தான் அதற்கு முன்னால் வரும் மலையின் முகடு எடுப்பாகத் தெரிகிறது. அடிவரை அடர்த்தியாகத் தேய்த்தால் மலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்டாம்ப் அடித்த அட்டைக்கும் இது பொருந்தும். இரண்டு அடுக்குக்கு நடுவில் கொஞ்சம் வெளிறிய இடம் விடுங்கள்.

வானத்துக்கும் இதே பிரஷ்தான். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போங்கள். மாறிச் செய்தால் வெளிர் பேட் அழுக்காகும். வானம் உச்சியில் அடர்த்தி, அடிவானத்தை நெருங்க நெருங்க வெளிர். ஜப்பானிய மர அச்சுக் கலைஞர்கள் இதை பொகாஷி என்பார்கள். ஈரக் கட்டையில் நிறத்தைத் தடவி, துடைத்து, ஒரே அழுத்தில் அடர்த்தியிலிருந்து வெண்மைக்குப் போகிற வானத்தை எடுத்துவிடுவார்கள். அவர்களில் ஒருவரான ஹிரோஷிகேயின் நிலக்காட்சிகளில் மேல் ஓரத்தில் ஒரு கருநீலப் பட்டை வந்து மெல்லக் கரைவதைப் பார்த்தால், பிரஷ்ஷை எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கைக்கே புரிந்துவிடும். சூரிய அஸ்தமனம் செய்யும்போது மஞ்சளுக்குப் பக்கத்தில் நேராக நீலம் வைக்காதீர்கள், பச்சையாகிவிடும். ஆரஞ்சும் நீலமும் சேர்ந்தால் சேறு. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, ஊதா, அப்புறம்தான் நீலம். சூரியனோ நிலாவோ வேண்டுமானால், மை போடுவதற்கு முன்பே லேசான பசையுள்ள குறிப்புத் தாளில் ஒரு வட்டம் வெட்டி ஒட்டிவிட்டு, எல்லாம் முடிந்தபின் எடுங்கள். அதை அட்டையின் நட்டநடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக வைத்தால் நல்லது. எங்கே வைத்தீர்களோ அந்தப் பக்கத்து மேகமும் மலை ஓரமும் வெளிச்சமாக இருக்க வேண்டும். இதை மறந்த அட்டைகள் நிறைய பார்த்திருக்கிறேன். நிலா வலது பக்கம் இருக்கும், மரத்தின் நிழலும் வலது பக்கமே விழுந்திருக்கும்.

சரி, ஸ்டாம்புக்கு வருவோம். எதை முதலில் அடிப்பது என்பதில்தான் குழப்பம் அதிகம். ஒருவர் முன்னால் இருப்பதை முதலில் அடி என்பார், இன்னொருவர் பின்னால் இருப்பதை என்பார். இரண்டும் சரிதான். எது பொருந்தும் என்பது ஸ்டாம்பின் வகையைப் பொறுத்தது.

நிழலுரு ஸ்டாம்ப், அதாவது முழுக்கக் கருப்பாக விழுகிற மரமோ புல்லோ பறவையோ இருந்தால், பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். வானம், மலை எல்லாம் முடித்துக் கடைசியில் மரத்தை அடியுங்கள். அடர் மை அடியில் இருக்கிற வெளிர் நிறத்தை மூடிவிடும், மாஸ்க் (அடித்த உருவத்தின் மேல் மை படாமல் மறைக்கும் தாள்) தேவையில்லை.

கோட்டோவிய ஸ்டாம்ப் என்றால் நேர் எதிர். வீட்டைக் கோடாக அடித்து அதன் மேல் மலையைக் கோடாக அடித்தால் வீட்டுக்குள் மலைக்கோடு ஓடும். அதனால் முன்னால் இருக்கிற வீடு முதலில். அதையே மெல்லிய தாளிலும் ஒருமுறை அடித்து, வெட்டி, அட்டையில் இருக்கிற வீட்டின் மேல் மாஸ்க்காக வையுங்கள். பிறகு மலையை மாஸ்க்கின் மேலேயே அடியுங்கள். மாஸ்க்கை எடுத்தால் மலை வீட்டுக்குப் பின்னால் போயிருக்கும். மூன்று அடுக்கு வேண்டுமானால் இரண்டு மாஸ்க்கும் அப்படியே இருக்க மூன்றாவதை அடிக்கலாம்.

மாஸ்க்கில் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. மாஸ்க்கை எடுத்ததும் வீட்டைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும். காரணம் இரண்டு. ஒன்று, கோட்டுக்கு வெளியே வெட்டியிருப்பீர்கள். மாஸ்க்கைக் கோட்டின் மேலேயே, முடிந்தால் கோட்டின் உள்விளிம்பில் வெட்ட வேண்டும். இரண்டாவது, மாஸ்க் தாள் தடிமனாக இருக்கும். தடித்த தாளின் ஓரத்தில் ஸ்டாம்ப் ஏறி நிற்பதால் அதை ஒட்டிய இடத்தில் மை படாது. மெல்லிய தாள் எடுங்கள். ஸ்டாம்பைப் போட்டபின் மாஸ்க்கின் ஓரம் வரும் இடத்தில் விரலால் கூடுதலாக ஒரு அழுத்துக் கொடுங்கள்.

தூரத்து மரங்களுக்குத் தனி ஸ்டாம்ப் வாங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மை தடவிய ஸ்டாம்பை முதலில் வேஸ்ட் தாளில் ஒருமுறை அடித்துவிட்டு, மறுபடி மை தொடாமல் அட்டையில் அடியுங்கள். பாதி அடர்த்திதான் விழும். மூன்றாவது அடி இன்னும் வெளிர். ஒரே பைன் மரம் முதல் அடியில் முன்வரிசை, இரண்டாம் அடியில் நடுவரிசை, மூன்றாம் அடியில் மூட்டத்துக்குள் நிற்கும் மரம். ஆனால் அளவும் குறைய வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் மரத்தை வெளிறி அடித்தாலும் அது தூரத்து மரம் ஆகாது. அதனால் பின்வரிசைக்கு மரத்தின் உச்சி மட்டும் விழும்படி மாஸ்க் போட்டு அடியுங்கள். கைவசம் சின்ன மர ஸ்டாம்ப் இருந்தால் இன்னும் நல்லது. சமதரையில் நிற்கிற மரங்களுக்கு இன்னொரு விதி: தள்ளி நிற்பதன் அடிப்பாகம் தாளில் மேலே இருக்கும், கிட்டே நிற்பது கீழே இருக்கும். எல்லா மரத்தையும் ஒரே கோட்டில் நட்டால் வேலி போலத் தெரியும்.

ஒளி ஊடுருவும் பாலிமர் ஸ்டாம்ப் புதிதாக வாங்கினால் முதல் சில அடிகள் திட்டுத்திட்டாக விழும். பழுதில்லை. மேற்பரப்பைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டால் மை சீராகப் பிடிக்கும். இவற்றை வெயிலில் வைக்காதீர்கள்.

மை பற்றிக் கொஞ்சம். டை மை தாளுக்குள் இறங்கிச் சீக்கிரம் காயும். பிக்மென்ட் மை தாளின் மேலேயே நிற்கும், காய நேரம் எடுக்கும், அதனால்தான் சூடு காட்டினால் உருகிப் புடைத்து நிற்கும் எம்பாசிங் பவுடர் அதில் நன்றாக ஒட்டுகிறது. அடித்த கோட்டுக்குள் நிறம் தீட்டப்போகிறீர்கள் என்றால், தீட்டுகிற பொருளைப் பார்த்துத்தான் மை எடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் இரண்டு மைகளைச் சொல்கிறேன். மெமெண்டோ கருப்பு ஆல்கஹால் மார்க்கருக்கு அசையாமல் நிற்கும், நீர்வண்ணம் பட்டால் கலங்கும். ஸ்டேசான் அதற்கு நேர்மாறு: தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹால் மார்க்கர் பட்டால் ஓடிவிடும். ஒருமுறை இருபது அட்டைக்கு முன்கூட்டியே எல்லா அச்சும் அடித்து வைத்துவிட்டு, முதல் அட்டையில் தூரிகை வைத்தவுடன் மரமெல்லாம் ஏரிக்குள் கரைந்துபோனது. இருபதும் வீண். அன்றிலிருந்து எந்த மை பேட் வாங்கினாலும், ஒரு துண்டு அட்டையில் அடித்து, ஐந்து நிமிடம் விட்டு, பாதியில் ஈரத் தூரிகை, பாதியில் மார்க்கர் ஓட்டிப் பார்த்து, அந்தத் துண்டை பேட்டின் மூடிக்குள்ளேயே ஒட்டிவைக்கிறேன். ஒரு நிமிட வேலை.

தண்ணீருக்குக் கலங்கும் மையை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். இரவு வானம் தேய்த்தபின் விரலால் நாலு துளி தண்ணீர் தெளித்து, சில நொடி விட்டு, துணியால் ஒற்றி எடுத்தால் அந்தத் துளி பட்ட இடம் வெளிறி நட்சத்திரமோ பனியோ ஆகும்.

ஏரியும் அச்சடிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பிம்பத்தைக் கையால் வரைய வேண்டாம். பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை, அசிட்டேட் என்று விற்பதை, மரக்காட்சி ஸ்டாம்பை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் கரையில் மரங்களை நேராக அடியுங்கள். மறுபடி மை தடவி, அதே ஸ்டாம்பை இந்த முறை ஷீட்டின் மேல் அடியுங்கள். ஷீட்டில் மை காயாமல் ஈரமாகவே நிற்கும். அந்த ஷீட்டை மரங்களின் வேர் இருக்கும் கோட்டைக் கீல் போல நினைத்து, புத்தகப் பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்புவது போலக் கவிழ்த்து, விரலால் மெதுவாக ஒற்றி, நகர்த்தாமல் செங்குத்தாகத் தூக்குங்கள். மரங்கள் தலைகீழாக, இடவலம் மாறாமல் தண்ணீரில் விழுந்திருக்கும். சாதாரணமாக ஸ்டாம்பைத் தலைகீழாகத் திருப்பி அடித்தால் இடது வலது மாறிப்போய், சாய்ந்த மரம் எதிர்ப்பக்கம் சாயும். கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஷீட் வழியாக வருவதில் இன்னொரு நன்மை, மை பாதி ஷீட்டிலேயே தங்கிவிடுவதால் பிம்பம் தானாகவே வெளிறி, ஓரங்கள் கொஞ்சம் கலங்கி வருகிறது. தண்ணீரில் தெரிவது அப்படித்தானே இருக்கும்! மேலே குறுக்காக இரண்டு மூன்று வெள்ளைப் பென்சில் கோடு இழுத்தால் அலை வந்துவிடும். நான்காவது கோடு இழுக்க வேண்டாம்.

இவ்வளவும் வந்தபின்தான் அடுக்குவது. காகித அடுக்கில் காட்சி காட்டுவது பழைய கலை. 18ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்பர்க் நகரத்து மார்ட்டின் எங்கல்பிரெக்ட், வெட்டிய அச்சுத் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்க்கிற குட்டி அரங்குகள் வெளியிட்டார். லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் 1843இல் சுரங்கப்பாதை திறந்தபோது, மடித்து நீட்டி ஓட்டை வழியாகப் பார்க்கும் காகிதக் காட்சிகளை நினைவுப் பொருளாக விற்றார்கள். அதே வருடம் அதே ஊரில்தான் ஹென்றி கோல் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடிக்கச் செய்தார். நாம் இன்று மேஜையில் செய்வதில் இரண்டும் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

எத்தனை அடுக்கு? மூன்று போதும். வானமும் தூரத்து மலையும் ஒரே தட்டைப் பலகத்தில். நடு மலையோ கரையோ 1 மில்லிமீட்டர் டேப்பில். முன்னால் இருக்கும் புல், மரம், வேலி 2 மில்லிமீட்டர் டேப்பில். தூரத்தில் இருப்பதை உயர்த்தாதீர்கள். டேப் போட்ட எதுவும் முன்னால் வந்துவிடும், அதனால் நிலாவுக்குக் கீழே டேப் வைத்தால் நிலா மரத்துக்கு முன்னால் தொங்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் முன் அடுக்கின் கீழ்ப்பகுதி உள்ளே அமுங்கியிருந்தது. காரணம் இது: நடு அடுக்கை மலை தெரிகிற அளவுக்கு மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். முன் அடுக்கின் மேல்பாதிக்கு அடியில் அந்தத் தாள் இருக்கிறது, கீழ்ப்பாதிக்கு அடியில் வெற்றிடம். ஒவ்வொரு அடுக்கையும் மறையும் பகுதியானாலும் அட்டையின் அடி ஓரம் வரை வெட்டுங்கள். அதன் முழு அகலத்துக்கும் டேப் போடுங்கள். அப்போது அடுத்த அடுக்கு சமமாக உட்காரும். டேப் ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும், சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளை நுரை தெரியக் கூடாது. அதேபோல வெட்டிய அட்டையின் வெள்ளை ஓரமும் தெரியக் கூடாது. ஒட்டுவதற்கு முன் அந்த ஓரத்தை மை பேடின் மேல் ஒருமுறை இழுத்துவிடுங்கள். கருமரத்தைச் சுற்றி மின்னிய அந்த வெள்ளைக் கோடு போனவுடனே மரம் காட்சிக்குள் போய்ச் சேரும். என் கணக்கில் டேப்பை விட இந்த ஒரு இழுப்புக்குத்தான் பலன் அதிகம். பனிமலைக்கு மட்டும் வெள்ளை ஓரம் வேண்டும். அதற்கு உள்ளே வெள்ளையாக இருக்கும் வண்ணத் தாளை உங்களை நோக்கி இழுத்துக் கிழியுங்கள். கிழிந்த இரண்டு துண்டில் ஒன்றில் வெள்ளை வரி நிற்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு: ஏ5 அட்டையை நடுவில் மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டர். காட்சிப் பலகம் 99க்கு 142 வைத்தால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் சட்டம் கிடைக்கும். சி6 உறைக்குள் போகும். அடிப்பாகத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை), அடுக்குகளுக்கு 200 முதல் 250 வரை போதும். மடிப்பு தாளின் நார் ஓடும் திசையிலேயே வரட்டும், குறுக்கே மடித்தால் விரியும். மடிப்பதற்கு முன் கோடு அழுத்திவிடுங்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால் தடிமனையும் பாருங்கள். பிரிட்டனில் சாதாரணக் கடிதத்துக்கு உச்ச தடிமன் 5 மில்லிமீட்டர், அமெரிக்காவில் கால் அங்குலம். நான்கைந்து டேப் அடுக்கினால் அதைத் தொட்டுவிடும்.

வாழ்த்து வரியை எங்கே அடிப்பது என்று கடைசியில் யோசிக்காதீர்கள். வானத்தில் அதற்கென்று ஒரு வெறுமையான இடத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். மலையின் மேல் எழுத்து வந்தால் அந்த மலை மறுபடி காகிதமாகிவிடும்.

ஏற்கெனவே செய்து முடித்த அந்த நான்கு அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம். முன் அடுக்கை மட்டும் டேப்போடு மெதுவாகப் பிரித்தெடுங்கள். பல் இடுக்கு நூலை அடியில் விட்டு அறுப்பது போல இழுத்தால் கிழியாமல் வரும். டிரேசிங் பேப்பரில் ஒரு பட்டை எடுத்து, மேல் ஓரத்தை அலை அலையாகக் கிழித்து, பின்னால் இருக்கும் மலையின் கீழ்ப்பாதி மறையும்படி வையுங்கள். பசை தெரியாமல் இருக்க, முன் அடுக்கு மூடுகிற இடத்தில் மட்டும் ஒட்டினால் போதும். அப்புறம் முன் அடுக்கைத் திரும்ப மேலே வையுங்கள். அந்தக் கருப்பு மலை மூட்டத்துக்குள் பின்வாங்கிப் போவதை அங்கேயே பார்க்கலாம்.